தேங்காய் அடுக்கைக் கிண்டியது நான்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு என்னென்ன கட்டினேன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். சேரன்மகாதேவியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி கட்டினேன். அதற்குள் விறகு எரிக்கிற செங்கல் ஓவன் ஒன்று கட்டினேன். கொத்தனாரை வைத்து அல்ல, என் கையால். முதல் ஓவன் ஐப்பசி மழையில் உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது முதல் சூட்டிலேயே வெடித்தது. மூன்றாவதற்கு அடியில் மணலும் உப்பும் உடைந்த பாட்டில் சில்லும் கனமாகப் பரப்பி, அதன்மேல் செங்கல் பாவினேன். வாங்கின சூட்டை அது விடாது. இன்றைக்கும் எரிகிறது. ஓட்டுக் கூரையைக் காங்கிரீட் ஆக்கினேன். பாறை என்று இரண்டு பேர் பாதியில் விட்டுப்போன குழியை நானே இறங்கித் தோண்டித் தண்ணீர் கண்டேன். மகனை இன்ஜினியரிங் படிக்கவைத்தேன். அவன் படித்துமுடித்து என் வேனைத்தான் ஓட்டுகிறான் என்பது வேறு கதை. என் தேங்காய் பன் அம்பாசமுத்திரம் டீக்கடைகளில் காலை எட்டு மணியைத் தாண்டி இருந்ததாகச் சரித்திரம் கிடையாது.

இவ்வளவும் கட்டியவனுக்கு என் மருமகள் அச்சடிக்கப்போகிற ஓர் அட்டையில் ஒரு வரி இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த அட்டை சாக்லேட் கேக் பெட்டிக்குள் வைக்க. உள்ளங்கை அகலம் இருக்கும். மூன்று அடுக்கு கேக், அடுக்குகளுக்கு நடுவிலும் தலையிலும் தேங்காயும் முந்திரியும் சேர்த்துக் காய்ச்சின பூச்சு. எங்கள் கடையில் இன்றைக்கு அதிகமாக ஆர்டர் வருகிற சரக்கு அதுதான். அந்தக் கேக் எப்படி வந்தது என்று அட்டையில் நாலு வரி எழுதியிருக்கிறாள். அதில் ஒரு வரி இது: “ஒரு நாள் பதம் தவறியதில் பிறந்தது எங்கள் தேங்காய் அடுக்கு.”

பதம் தவறியதாம். தானாகவா தவறும்? நடந்ததைச் சொல்கிறேன்.

மருமகள் வள்ளியூர்ப் பக்கம். பி.காம். படித்தவள். கல்யாணமாகி வந்த மறு வருஷம் திருநெல்வேலிக்குப் போய் கேக் வகுப்பு படித்துவிட்டு வந்து, கடையின் பின்கட்டில் ஒரு கரண்டு ஓவனை வைத்தாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். என் ஓவன் இருக்கும்போது அது எதற்கு? அவள் கேட்கவில்லை. பிறந்தநாள் கேக்காகப் போட்டுக்கொண்டிருந்தாள். அதை முன்பக்கக் கண்ணாடி அலமாரியில் வைக்க இடம் கேட்டாள். அந்த அலமாரி முழுக்க என் பன்னும் ரஸ்க்கும் வர்க்கியும். இடம் இல்லை என்றேன். மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவையும் அதையேதான் சொன்னேன்.

அப்போதுதான் அந்தக் கப்பல்காரர் கடைக்கு வந்தார். வள்ளியூர் தாண்டிக் கடற்கரை ஊர் அவருக்கு. சரக்குக் கப்பல்களில் சமையல்காரராகவே ஆயுசைக் கழித்தவர். நல்ல உயரம், கழுத்தில் சிலுவை டாலர், பேச்சில் அலையடிக்கிற சத்தம்.

“அண்ணாச்சி, எங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம் முடியுது. பூசை வச்சிருக்கு, சாயங்காலம் பந்தல்ல விருந்து. ஒரு கேக் வேணும். அமெரிக்காக் கரையில ஒரு துறைமுகத்துல தின்னேன். சாக்லேட்டு கேக்கு, அடுக்கடுக்கா இருக்கும். நடுவுல கிரீம் கிடையாது. தேங்காயும் ஒரு கொட்டையும் பாலும் முட்டையும் காச்சித் தடவியிருப்பான். எங்க பக்கத்துல மூணு கடையில கேட்டாச்சு. எல்லாவனும் கிரீமுல ரோசாப்பூ வைக்கேங்கான்.”

“அந்தக் கேக்குதான் வேணுமோ?” என்று கேட்டேன்.

“எனக்கில்ல வே. அவளுக்கு. நாப்பது வருஷமா அந்தக் கேக்குக் கதைய மட்டும்தான் தின்னுருக்கா. ஒரு வாயாவது நெசமாத் திங்கட்டும்.”

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்கட்டிலிருந்து மருமகள் சொன்னாள்: “நான் போட்டுத் தாரேன்.”

அவர் போனபிறகு அவளிடம் கேட்டேன்: “உனக்கு அந்தக் கேக்கு தெரியுமா?”

“போன்ல பாத்திருக்கேன் மாமா.”

“பாத்துட்டாப் போதுமா? அறுபது கிலோமீட்டர் வெயிலுல போகணும்.”

“போகும்.”

நானும் ரோஷக்காரன். சொன்னேன்: “சரி. அங்கன போய் முழுசா இறங்கி, அந்த மனுசன் ஒரு குறை சொல்லாமத் தின்னுட்டார்னா, கண்ணாடி அலமாரியில பாதி உனக்கு. குறை வந்துச்சுன்னா கரண்டு ஓவன வீட்டுக்குள்ள தூக்கிரணும். கடையில கேக்குப் பேச்சே கூடாது.”

“பேச்சு மாறக் கூடாது மாமா.”

“நான் என்னைக்கு மாறினேன்?”

ஒத்திகையாக ஒன்று போட்டாள். முட்டையின் மஞ்சள் கரு, சீனி, வெண்ணெய், சுண்டக் காய்ச்சின பால் இவற்றை அடுப்பில் கிண்டி, இளக்கமாக இருக்கும்போதே இறக்கி, தேங்காய்த் துருவலும் முந்திரியும் சேர்த்து ஆறவிட்டுத் தடவுவது. அமெரிக்காவில் போடுகிற கொட்டை இங்கே கிடைக்காது என்று முந்திரி போட்டாள். தின்று பார்த்தேன். ருசியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மகன் வேனில் வைத்து அம்பாசமுத்திரம் வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தபோது மேலடுக்கு ஒரு பக்கமாகச் சரிந்து, தூங்கிவிழுகிறவன் தலை மாதிரித் தொங்கியது. மறுநாள் மத்தியானம் மோந்து பார்த்தால் தேங்காய் லேசாகப் புளித்திருந்தது. பச்சைத் தேங்காய் நம் வெயிலில் வேறென்ன செய்யும்?

அவள் அசரவில்லை. துருவலை வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்துக்கொள்வது, காய்ச்சின பூச்சை நாலு மணி நேரம் பிரிட்ஜில் இறுகவைத்துத் தடவுவது என்று கணக்குப் போட்டாள். துருவலை வறுப்பது என் தேங்காய் பன்னின் ரகசியம். அதை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. என் கடையில் நின்றால் கண்ணில் படத்தானே செய்யும்.

விருந்து நாளும் வந்தது. அன்றைக்கு விடிந்தபிறகுதான் தெரிந்தது, காலை ஒன்பதிலிருந்து ஐந்துவரை மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டு கிடையாது என்று. மருமகள் முகம் செத்துப்போயிற்று. கரண்டு ஓவன் இல்லை. பிரிட்ஜுக்குள் கடைக்கான பாலும் வெண்ணெயும் இருக்கின்றன. கரண்டு இல்லாத நேரத்தில் அதைத் திறந்து சுடச்சுட ஒரு சட்டியை வைத்தால் எல்லாம் கெடும்.

நான் சொன்னேன்: “எதுக்கு முழிக்க? என் ஓவன் கரண்டா கேக்குது?”

பன் இறக்கினபிறகு கனலை வாரி ஒதுக்கினேன். ஒரு சிட்டிகை மைதாவை ஓவன் தரையில் எறிந்தேன். கறுத்தால் சூடு அதிகம், வெள்ளையாகவே கிடந்தால் பத்தாது. மெதுவாகப் பழுப்பு நிறம் வந்தால் கேக்குக்குச் சரி.

“எத்தன டிகிரி மாமா?” என்று கேட்டாள்.

“எனக்கு நம்பர் தெரியாது. மாவப் பாரு.”

மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மூன்று டின்னையும் உள்ளே தள்ளினாள். மோர் ஊற்றிக் கலக்கின கோகோ மாவு. மூன்றும் வெடிப்பில்லாமல், மேடு தட்டாமல், மொழுமொழுவென்று எழும்பி வந்தன. கரண்டு ஓவனில் அப்படி எழும்பி நான் பார்த்ததில்லை. இது என் ஓவனின் பங்கு. இதையும் அட்டையில் போடவில்லை. ஆனால் இதற்காக நான் சண்டை போடவில்லை.

டின்கள் உள்ளே இருக்கும்போது அவள் ஓவன் வாயை விட்டு நகரவில்லை. புது அடுப்பு, பயம். பின்கட்டில் காஸ் அடுப்பில் பூச்சுக்கான சட்டியை ஏற்றிவைத்துவிட்டு என்னிடம் கரண்டியைத் தந்தாள்.

“மாமா, கரண்டி முதுகுல ஒட்டி நின்னா இறக்கிருங்க. அதுக்கு மேல ஒரு நிமிசங்கூட வேண்டாம்.”

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பேக்கரிக்கு முன்னால் நான் திருநெல்வேலியில் ஒன்பது வருஷம் அல்வாச் சட்டி கிண்டியவன். சட்டி என்றால் இரண்டு ஆள் தூக்குகிற சட்டி. என் வலது தோள் இடது தோளைவிட இன்றைக்கும் தாழ்ந்துதான் இருக்கும், சட்டை தைக்கிறவனைக் கேட்டுப் பாருங்கள். அல்வா எப்போது வெந்தது என்பதற்கு ஒரே சாட்சிதான் உண்டு. குடித்த நெய்யை அது திருப்பிக் கக்க வேண்டும். கக்காமல் இறக்கினால் அந்த முதலாளி கரண்டியாலேயே முதுகில் போடுவார்.

கரண்டி முதுகில் ஒட்டியது. பார்த்தேன். கூழ் மாதிரி இருந்தது. பிரிட்ஜ் கிடையாது. வெளியே அக்கினி மாதிரி வெயில். இந்தக் கூழைத் தடவிக் கொண்டுபோனால் களக்காடு தாண்டும்போது கேக் ஒரு பக்கம், பூச்சு ஒரு பக்கம் என்று ஆகிவிடும். வறுத்த துருவலையும் முந்திரியையும் கொட்டினேன். இன்னும் கொஞ்சம் என்று கிண்டினேன். கை பழகின வேகத்துக்குப் போய்விட்டது. சட்டி ஓரத்தை விட்டுப் பிரிந்தது. நிறம் ஏறியது. கடைசியில் வெண்ணெய் பொட்டுப்பொட்டாகக் கசிந்து ஓரத்தில் நின்றது. கக்கிவிட்டது என்று சந்தோஷமாக இறக்கினேன்.

மருமகள் வந்து கரண்டியை விட்டுத் தூக்கினாள். சட்டியும் சேர்ந்து எழும்பியது.

“என்ன மாமா செஞ்சு வச்சிருக்கிய?”

“பதமா இறக்கியிருக்கேன்.”

“இது அல்வா இல்ல மாமா! தடவுததுக்கு! இத எத வச்சுத் தடவ? கரண்டியா, கொத்தனார் கரண்டியா?”

என் வீட்டுக்காரி உள்ளேயிருந்தே சொன்னாள்: “அவருகிட்ட யாரு கரண்டியக் குடுத்தா? விட்டா நாளைக்கு வரைக்கும் கிண்டுவாரு.”

“நீ சும்மா கெடட்டி,” என்றேன்.

மருமகள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. மிச்சம் இருந்த முட்டைகளை எண்ணினாள். பாலைப் பார்த்தாள். இன்னொரு சட்டி போடலாம், ஆனால் பாதி அளவுதான் வரும். தலையில் தடவலாம். இரண்டு நடு அடுக்குக்கும் பத்தாது. இரண்டு மணிக்கு வேன் கிளம்ப வேண்டும்.

அவள் இரண்டாவது சட்டியை ஏற்றினாள். இந்தத் தடவை கரண்டி அவள் கையில். நான் என் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சூடு ஆறவில்லை, இன்னும் வளைந்துகொடுத்தது. பலகையில் பட்டர் பேப்பர் விரித்து, நெய் தடவி, அதைக் கொட்டி, வர்க்கி தேய்க்கிற உருளைக் கட்டையால் தேய்த்தேன். தேங்காயும் முந்திரியும் தெரிகிற மாதிரி, விரல் கனத்துக்கு, பாய் மாதிரி விரிந்தது.

அவள் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “மாமா, கேக் டின்ன வச்சு அழுத்தினா வட்டமா வரும்லா?”

வட்டமாக வெட்டலாம் என்று முதலில் சொன்னது அவள்தான். நான் பொய் சொல்ல மாட்டேன். தேய்த்தது நான், வெட்டியதும் நான்.

கேக்மேல் இளகின பூச்சு கொஞ்சம், அதன்மேல் என் வட்டம், அதன்மேல் திரும்பவும் பூச்சு கொஞ்சம், அதன்மேல் அடுத்த கேக். சுவருக்கு இடையில் கலவை பூசிக் கல் வைக்கிற மாதிரி. மேலே மட்டும் அவள் பூச்சு தாராளமாக. பக்கவாட்டை மூடவில்லை. அந்தக் கேக்குக்குப் பக்கம் மூடக் கூடாதாம், அடுக்கு தெரிய வேண்டுமாம். தெரிந்தது. கறுப்பு, பொன்னிறம், கறுப்பு, பொன்னிறம், கறுப்பு. அழகாகத்தான் இருந்தது.

வேனில் மகனும் மருமகளும் முன்னால். நான் பின்னால், கேக்கோடு. மைதா மூட்டையைப் படுக்கவைத்து அதன்மேல் கேக் தட்டை வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“பைய ஓட்டுலே!”

“நாப்பதுலதான் போறேன்பா.”

“முப்பதுல போ.”

“முப்பதுல போனா கல்யாணத்துக்கு அறுபதாவது வருஷம் வந்துரும்.”

களக்காட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை, வண்ணம் அழிந்துபோனது, அவன் பார்க்கவில்லை. வேன் தூக்கிப் போட்டது. என் தலை கூரையில் இடித்தது. கையைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை.

“மாமா!” என்று மருமகள் கத்தினாள். என் தலையைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

“நிக்குது,” என்றேன்.

நிஜமாகவே அசையவில்லை. ஒத்திகையில் சரிந்த மேலடுக்கு ஆணி அடித்த மாதிரி நின்றது. என் வட்டம் கேக்கைக் கீழும் மேலும் கவ்விப் பிடித்திருந்தது. வள்ளியூர் வந்தபோது கரண்டு எடுக்கிற காற்றாடிகள் சுழல்வதைப் பார்த்தேன். அந்தக் காற்றிலும் சூடுதான். தலைப்பூச்சு லேசாக மினுமினுத்தது. நடு அடுக்கு மினுங்கக்கூட இல்லை.

பந்தலில் கப்பல்காரர் வேட்டி சட்டையில் நின்றார். பக்கத்தில் அவர் வீட்டம்மா, சின்ன உருவம், புதுப் பட்டு. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பூசை வைத்த சாமியார் எல்லாரும் சுற்றி நின்றார்கள். கேக்கை மேசையில் இறக்கினோம். அவர் குனிந்து பக்கவாட்டைத்தான் பார்த்தார். சமையல்காரன் அங்கேதான் பார்ப்பான். இருவரும் சேர்ந்து வெட்டினார்கள். முதல் துண்டை வீட்டம்மா வாயில் வைத்தார். இரண்டாவதைத் தான் தின்றார்.

மென்றார். விழுங்கவில்லை. இன்னும் மென்றார். மருமகள் என் பக்கத்தில் நின்றாள். அவள் கை என் சட்டைக் கையைப் பிடித்திருந்தது, அது அவளுக்கே தெரியாது.

“இது நான் தின்ன கேக்கு இல்ல,” என்றார்.

கரண்டு ஓவன் வீட்டுக்குள் போவது என் கண்ணில் தெரிந்தது. ஜெயித்தது நான்தான், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை.

“அது நடுவுல கொழகொழன்னு இருக்கும். இது கடிக்க வைக்குது. இன்னொரு துண்டு வைங்க.”

அந்த அம்மா தின்றுமுடித்துவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னார்: “இதயா இத்தன வருஷமா சொல்லிக்கிட்டு இருந்திய? இவ்வளவு நல்லா நீங்க சொல்லலையே.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, நடு அடுக்கை விரலால் பிய்த்துக் காட்டிக் கேட்டார்: “இந்தத் தேங்காயக் கிண்டுனது யாரு? கேக்குப் போடுத கை இல்ல இது. இது பெரிய சட்டி கிண்டின கை.”

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் சொன்னாள்: “எங்க கடைக் கைதான்.”

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்துவிட்டேன். அவளுடைய ஆர்டர், அவளுடைய நாள். நியாயமாக நடந்துகொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

மறுநாள் மத்தியானம் கப்பல்காரர் போன் செய்தார். பிரிட்ஜில் வைக்காத ஒரு துண்டு மிச்சம் இருந்ததாம், கொஞ்சம்கூடப் புளிக்கவில்லையாம், அதையும் வீட்டம்மாவே தின்றுவிட்டதாகப் புகார் சொன்னார். அன்றைக்கே அலமாரியில் பாதியைக் காலி செய்து கொடுத்தேன். ரஸ்க் டப்பாக்களை என் கையால் எடுத்து மேல்தட்டில் வைத்தேன். நான் பேச்சு மாறுகிறவன் இல்லை.

அதற்குப் பிறகு கடற்கரை ஊர்களிலிருந்து வரிசையாக ஆர்டர். வெயிலில் போனாலும் நிற்கிற கேக் என்று பேர். இன்றைக்கும் அந்த நடு அடுக்கை நான்தான் கிண்டுகிறேன், நெய் கக்குகிறவரை. மருமகள் கிண்டிப் பார்த்தாள். பாதியிலேயே கை வலித்து விட்டுவிட்டாள். கேக், தலைப்பூச்சு, ஆர்டர், பேச்சு எல்லாம் அவள். அதில் எனக்கு மறுப்பு இல்லை. கெட்டிக்காரிதான்.

போன வாரம் அட்டையின் நகலைக் கொண்டுவந்து காட்டினாள். படித்தேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் படித்துவிடுவேன்.

“பதம் தவறினதுன்னு போட்டிருக்கியே, யாரு தவறவிட்டான்னு போடலையே?”

“அது ஒரு சுவாரசியத்துக்கு மாமா. யாருன்னு போட்டா உங்களக் குறை சொன்ன மாதிரி ஆயிராதா?”

“ஆகட்டும்.”

“எடமில்ல மாமா. நாலு வரிக்கு மேல எழுத்து சின்னதாப் போயிரும்.”

மகன் குறுக்கே வந்தான்: “விடுங்கப்பா. கடையே உங்க கடைதான்.”

கடை என் கடைதான், ஊருக்கே தெரியும். கேட்பது கடையை இல்லை. அவள் சொன்ன பதத்தில் நான் இறக்கவில்லை என்பதை இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை, இங்கே எழுதிவிட்டேன். தப்பு என்றால் அது என் தப்பு. வேறு எவன் கை அந்தத் தப்பைச் செய்திருக்கும்? பேக்கரியில் கேக் படித்தவன் கூழாக இருக்கும்போதே இறக்கியிருப்பான். வீட்டில் சமைக்கிறவள் கை வலித்து இறக்கியிருப்பாள். ஒன்பது வருஷம் அல்வா கிண்டிய கைக்குத்தான் அவ்வளவு தூரம் போகத் தெரியும். பதம் தவறியது என்று போட்டால், தவறவிட்ட ஆளையும் போட வேண்டும். பேர் வேண்டாம். “தேங்காய் அடுக்கு கிண்டியது மாமனார்” என்று ஒரு வரி. நாலே சொல். கேக் படத்தை ஒரு விரல் அளவு குறைத்தால் இடம் வந்துவிடும், நான் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். தட்டையாக வருகிற கேக் பெட்டிகளை மூலை மடித்து நிமிர்த்தி அடுக்குவதும் இந்தக் கடையில் நான்தான். முந்தாநாளிலிருந்து மடிக்கவில்லை. அட்டையில் அந்த வரி ஏறட்டும், மடிக்கிறேன்.